இந்திய முப்படைகளில் பதக்கங்களும் ரிப்பன்களும் அணியும் முறை

2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் வழங்கப்பட்ட வீர் சக்ரா விருதுகளில் இரண்டு தமிழ்நாட்டோடு தொடர்புடையவை. ஒன்று, 2019 பிப்ரவரி 27 அன்று நடந்த வான்சண்டைக்காக விமானப்படையின் அபிநந்தன் வர்த்தமானுக்குக் கிடைத்தது. மற்றொன்று, 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்நீத்த இராமநாதபுரம் மாவட்டத்துத் தரைப்படை வீரர் ஹவில்தார் கே. பழனிக்கு அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. ஒருவர் போர்விமானியான அதிகாரி, மற்றவர் பீரங்கிப் பிரிவின் ஹவில்தார். படை வேறு, பதவி வேறு, சீருடையின் நிறமும் வேறு. ஆயினும் இருவருக்கும் உரிய வெள்ளிப் பதக்கம் ஒன்றே, அதைத் தாங்கும் ரிப்பனும் ஒன்றே: பாதி கருநீலம், பாதி காவி. இந்திய முப்படைகளின் பதக்க முறையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுதான். மிகச் சில விலக்குகள் தவிர, தரைப்படைக்கும் கடற்படைக்கும் விமானப்படைக்கும் பதக்கங்கள் பொது, அவற்றை அணியும் வரிசையும் பொது.

படைவீரரின் இடது மார்பில் வண்ணவண்ணமாக அடுக்கப்பட்டிருக்கும் அந்தச் சிறு பட்டைகளைப் பலரும் அலங்காரம் என்றே எண்ணிக் கடந்து விடுகிறார்கள். அவை அலங்காரம் அல்ல. எங்கே பணியாற்றினார், எந்தப் போரில் கலந்துகொண்டார், காயம் பட்டாரா, எத்தனை ஆண்டுகள் சேவை செய்திருக்கிறார், அவரது துணிவை அரசு எந்த அளவில் அங்கீகரித்தது என்பவற்றையெல்லாம் அந்த அடுக்கு சொல்கிறது. எதையும் விருப்பப்படி இடம் மாற்றவோ, அழகு கருதி முன்னே கொண்டுவரவோ அணிபவருக்கு உரிமை கிடையாது. அந்தக் கண்டிப்பு இருப்பதால்தான், அறிமுகமே இல்லாத ஒருவரின் மார்பைப் பார்த்து அவரது பணிவாழ்க்கையை நம்மால் அறிய முடிகிறது.

ஒரே விருது, மூன்று வடிவங்கள்

ஒரு பதக்கம் அதைப் பெற்றவரின் உடையில் மூன்று வடிவங்களில் தோன்றலாம். முதலாவது, ரிப்பனில் தொங்கும் முழு அளவுப் பதக்கம். குடியரசு நாள் அணிவகுப்பு, படைப்பிரிவின் சடங்குகள், நினைவிடங்களில் நடக்கும் அஞ்சலி நிகழ்ச்சிகள் போன்ற முறையான தருணங்களில் இது அணியப்படுகிறது. இரண்டாவது, ஏறத்தாழ பாதி அளவில் செய்யப்பட்ட மினியேச்சர் பதக்கம். மாலை நேர விருந்துகளுக்கு அதிகாரிகள் அணியும் மெஸ் உடையில் இது இடம்பெறும். மூன்றாவது, பதக்கமே இல்லாமல் ரிப்பனின் ஒரு துண்டை மட்டும் பட்டையில் பொருத்தி அணிவது. அன்றாட அலுவலகச் சீருடையில் நாம் காண்பது இதுவே. மூன்று வடிவங்களும் ஒரே விருதைக் குறிப்பதால், ஒரு வடிவத்தை அணியும்போது மற்றொன்றை உடன் அணிவதில்லை. முழுப் பதக்கங்கள் மார்பில் ஏறும் நாளில் ரிப்பன் பட்டை கழற்றி வைக்கப்படும். களத்தில் அணியும் புள்ளியிட்ட போர் உடையில் இவை எதுவும் பொதுவாக இடம்பெறுவதில்லை.

பரம் வீர் சக்ராவின் ரிப்பன் 32 மில்லிமீட்டர் அகலம் கொண்டது, மற்றப் பதக்கங்களின் ரிப்பன்களும் இந்த அகலத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன. இதனால்தான் எத்தனை வகை விருதுகள் இருந்தாலும் அடுக்கு சீராக அமைகிறது. பொதுவாக ஒரு வரிசைக்கு நான்கு ரிப்பன்கள் என அடுக்குவார்கள். நீண்ட காலம் பணியாற்றிய தளபதிகளின் மார்பில் நான்கைந்து வரிசைகள் இருப்பதைக் காணலாம். முழு அளவுப் பதக்கங்களோ அடுக்காக அல்லாமல் ஒரே வரிசையில் தொங்கும். எண்ணிக்கை கூடும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி பொருத்தப்படும், அப்போதும் எல்லாவற்றிலும் உயர்ந்த பதக்கம் எதனாலும் மறைக்கப்படாமல் முழுவதும் தெரிய வேண்டும்.

எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது?

பதக்கங்கள் அணிபவரின் இடது மார்பில் இருக்கும். உயர்ந்தது மார்பின் நடுவை, அதாவது சட்டையின் பொத்தான் வரிசையை, நெருங்கியிருக்கும். அடுத்தடுத்துத் தாழ்ந்தவை இடது தோளை நோக்கிச் செல்லும். பல வரிசைகள் இருந்தால் மேல்வரிசை உயர்ந்தது. எதிரே நின்று பார்ப்பவருக்கு இது எளிமையாகிவிடுகிறது. புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படிப்பதுபோல, மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் வாசித்தால், உயர்ந்த விருதில் தொடங்கித் தாழ்ந்ததில் முடிப்போம்.

இடது மார்பு பதக்கத்தை ஈட்டியவருக்கு உரியது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் போர் நினைவு நாள்களில், இறந்துபோன தந்தையின் அல்லது பாட்டனாரின் பதக்கங்களை வாரிசுகள் அணிந்து செல்லும் வழக்கம் உண்டு. ஆனால் அவர்கள் அவற்றை வலது மார்பில்தான் அணிய வேண்டும். வலப்பக்கம் இருக்கும் பதக்கங்களைப் பார்த்தவுடனே, இவை அணிந்திருப்பவர் ஈட்டியவை அல்ல, அவர் நினைவுகூரும் ஒருவர் ஈட்டியவை என்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள். இந்த விதியில் உள்ள நேர்மை எனக்கு மிகவும் பிடித்தமானது. குடும்பத்தின் பெருமிதத்துக்கு இடம் கொடுத்துக்கொண்டே, ஈட்டியவரின் இடத்தையும் அது காக்கிறது.

கோடுகளை எண்ணக் கற்றுக்கொள்ளுதல்

இந்திய விருதுகளின் ரிப்பன்களைக் கண்டுபிடிக்க நூற்றுக்கணக்கான வண்ணங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முக்கியமான விருதுகள் மும்மூன்றாகக் குடும்பங்களாகப் பிரிந்திருக்கின்றன, அந்தக் குடும்பங்களைத் தெரிந்துகொண்டாலே பெரும்பகுதி விளங்கிவிடும்.

போர்க்கால வீரத்துக்கான குடும்பம் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்று. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட இவை, 1947 ஆகஸ்ட் 15 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தன. பகைவர் முன்னிலையில், நிலத்திலோ கடலிலோ வானிலோ காட்டிய வீரத்துக்காக வழங்கப்படுவது பரம் வீர் சக்ரா என்று அதன் விதி கூறுகிறது. முப்படைகளுக்கும் பொதுவானது என்ற எண்ணம் அந்த விதியின் சொற்களிலேயே இருக்கிறது. பரம் வீர் சக்ராவின் ரிப்பன் கோடே இல்லாத ஊதா நிறம். வெண்கலப் பதக்கத்தில் அரசுச் சின்னத்தைச் சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு முறை பொறிக்கப்பட்டிருக்கும். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய அதிகாரி ஒருவரை மணந்து இந்தியரான சாவித்ரி கனோல்கர் அதை வடிவமைத்தார். மகா வீர் சக்ராவின் ரிப்பன் பாதி வெள்ளை, பாதி காவி. வீர் சக்ராவின் ரிப்பனை முதலிலேயே குறிப்பிட்டேன்.

பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்கு வழங்கப்பட்டுள்ளது, அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின் கிடைத்தது. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் அமைதிப்படையின் நடவடிக்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். விருது முப்படைகளுக்கும் பொது என்றாலும், விமானப்படையிலிருந்து அதைப் பெற்றவர் 1971 போரில் ஸ்ரீநகர் வானில் போரிட்டு மடிந்த பிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன் ஒருவர் மட்டுமே. கடற்படையில் எவரும் இதுவரை பெறவில்லை. அதே 1971 போரில், மூழ்கும் குக்ரி போர்க்கப்பலை விட்டு வெளியேற மறுத்து அதனுடனேயே கடலில் அமிழ்ந்த கேப்டன் மகேந்திர நாத் முல்லாவுக்கு மகா வீர் சக்ரா வழங்கப்பட்டது.

இரண்டாவது குடும்பம் பகைவர் முன்னிலையில் அல்லாத வீரத்துக்கானது. 1952-இல் அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என நிறுவப்பட்டவை, 1967-இல் அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்று பெயர் மாற்றம் பெற்றன. இந்தப் பழைய வகுப்பு முறை ரிப்பன்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மூன்றுக்கும் அடிநிறம் பச்சை. அதன்மேல் ஒரு காவிக் கோடு இருந்தால் அசோக சக்ரா, இரண்டு இருந்தால் கீர்த்தி சக்ரா, மூன்று இருந்தால் சௌர்ய சக்ரா. கோடு கூடக் கூட விருதின் படி இறங்கும் என்பதைத் தொடக்கத்தில் பலரும் தலைகீழாகவே எண்ணிக்கொள்கிறார்கள். முதல் வகுப்புக்கு ஒரு கோடு, மூன்றாம் வகுப்புக்கு மூன்று கோடுகள் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. இந்தக் குடும்பத்தின் விருதுகள் படைவீரர் அல்லாதவர்களுக்கும் திறந்தவை. 1986-இல் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காத்து உயிர்நீத்த பணிப்பெண் நீர்ஜா பனோட்டுக்கும், 1984-இல் விண்வெளிக்குச் சென்ற விமானப்படையின் ராகேஷ் சர்மாவுக்கும், 2014-இல் காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளோடு போரிட்டு உயிர்நீத்த சென்னையின் மேஜர் முகுந்த் வரதராஜனுக்கும் கிடைத்தது ஒரே அசோக சக்ராதான்.

மூன்றாவதும் நான்காவதுமான குடும்பங்கள் வீரத்துக்கானவை அல்ல, சிறப்பான சேவைக்கானவை. பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா ஆகிய பதக்கங்கள் 1960-இல் தோன்றின. மூன்றுக்கும் அடிநிறம் பொன்னிறம், அதன்மேல் முறையே ஒன்று, இரண்டு, மூன்று கருநீலக் கோடுகள். 1980-இல் போர்க்காலச் சிறப்புச் சேவைக்கென்று சர்வோத்தம் யுத் சேவா, உத்தம் யுத் சேவா, யுத் சேவா பதக்கங்கள் நிறுவப்பட்டன. இங்கும் பொன்னிறமே, ஆனால் கோடுகள் சிவப்பு. நீலக் கோடு அமைதிக்காலச் சேவை, சிவப்புக் கோடு போர்க்காலச் சேவை என்று பிரித்தறிந்துகொண்டால், எந்தத் தளபதியின் மேல்வரிசையையும் ஏறத்தாழ படித்துவிடலாம்.

படைக்கு ஒன்றாகப் பிரியும் இடம்

எல்லாம் பொது என்று சொன்னதற்கு முக்கியமான விலக்கு 1960-இல் நிறுவப்பட்ட மூன்று பதக்கங்கள். தரைப்படையினருக்குச் சேனா பதக்கம், கடற்படையினருக்கு நவசேனா பதக்கம், விமானப்படையினருக்கு வாயு சேனா பதக்கம். சேனா பதக்கத்தின் ரிப்பன் சிவப்பு, நடுவே வெள்ளைக் கோடு. நவசேனா பதக்கத்துக்குக் கருநீலத்தின் நடுவே வெள்ளைக் கோடு. வாயு சேனா பதக்கத்தின் ரிப்பனோ மற்ற எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டு, சாம்பல் நிறமும் ஆரஞ்சும் மாறிமாறி வரும் சாய்ந்த கோடுகளால் ஆனது. தொலைவிலிருந்தே அதை அடையாளம் கண்டுவிடலாம். இந்த மூன்றுக்கும் அணியும் வரிசையில் ஒரே இடம், ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்ததல்ல.

இவற்றை வாசிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சேனா பதக்கம் துணிச்சலுக்காகவும் வழங்கப்படுகிறது, கடமையில் காட்டிய சிறப்புக்காகவும் வழங்கப்படுகிறது. எதற்காக வழங்கப்பட்டது என்பது அறிவிப்பில் இருக்கும், ரிப்பனில் இருக்காது. துப்பாக்கிச் சூட்டின் நடுவே முன்னேறியவரும், நிர்வாகப் பணியில் சிறந்து விளங்கியவரும் ஒரே நிற ரிப்பனை அணிகிறார்கள். ரிப்பன் அடுக்கு பெரும்பாலும் தெளிவாகப் பேசினாலும், இந்த ஓரிடத்தில் அது முழு உண்மையைச் சொல்வதில்லை. நாளிதழ்களில் சேனா பதக்கம் பெற்றவர் என்று மட்டும் எழுதும்போது, எந்த வகையில் பெற்றார் என்பதையும் சேர்த்து எழுதுவதே அந்த வீரருக்குச் செய்யும் நியாயம் என்று கருதுகிறேன். ஆங்கில எழுத்துச் சுருக்கங்களிலும் கவனம் வேண்டும். வி.எம். என்பது வாயு சேனா பதக்கம், வி.எஸ்.எம். என்பது விசிஷ்ட சேவா பதக்கம்.

படைக்குப் படை முறை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆப் ஆனருக்கே தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்று வெவ்வேறு வடிவமைப்புகள் உண்டு. ஒரே விருதை இரண்டாம் முறை பெற்றால், தரைப்படையினரும் விமானப்படையினரும் ரிப்பன்மேல் ஓக் இலைக் கொத்து வடிவச் சின்னத்தைப் பொருத்துவார்கள். கடற்படையினரும் மரைன் படையினரும் பொன்னிற நட்சத்திரத்தைப் பொருத்துவார்கள். ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் கிடைத்த விருதின் ரிப்பனைத் தரைப்படையினர் பொன்னிறச் சட்டத்துக்குள் வலது மார்பில் அணிய, கடற்படையினர் அதையே தனிநபர் விருதுகளோடு இடது மார்பில் அணிகிறார்கள். ஒரு படையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வீரர், தாம் ஈட்டிய அதே விருதுகளைப் புதிய விதிப்படி மீண்டும் அடுக்க வேண்டியிருக்கிறது. இதனோடு ஒப்பிட்டால், முப்படைகளையும் ஒரே வரிசைக்குள் கொண்டுவந்த இந்திய முறை தொடக்கநிலை வாசகருக்கு மிகவும் துணைசெய்வது.

எதற்குப் பின் எது?

அணியும் வரிசையைக் குடியரசின் விருதுகள் அனைத்துக்கும் பொதுவாக அரசு வகுத்திருக்கிறது. குடிமக்களுக்கான பத்ம விருதுகளும் அதில் இடையிடையே வருகின்றன. பாரத ரத்னாவுக்குப் பின் பரம் வீர் சக்ரா, அசோக சக்ரா, பத்ம விபூஷண், பத்ம பூஷண், சர்வோத்தம் யுத் சேவா, பரம் விசிஷ்ட சேவா, அதன் பின்னரே மகா வீர் சக்ரா, கீர்த்தி சக்ரா, பத்மஸ்ரீ. தொடர்ந்து உத்தம் யுத் சேவா, அதி விசிஷ்ட சேவா, வீர் சக்ரா, சௌர்ய சக்ரா. பின்னர் யுத் சேவா, சேனா வகைப் பதக்கங்கள் மூன்று, விசிஷ்ட சேவா என்று இறங்கிச் செல்லும். காவல்துறைக்கும் உயிர்காப்புக்கும் உரிய சில பதக்கங்களும் இந்த வரிசையின் நடுவே உண்டு.

இந்த வரிசையை முதன்முறையாகப் பார்ப்பவர் ஓரிடத்தில் திகைப்பார். சேவைக்கான பரம் விசிஷ்ட சேவா பதக்கம், போர்முனை வீரத்துக்கான மகா வீர் சக்ராவுக்கு முன்னால் நிற்கிறது. அரசின் வரிசை விருதுகளின் படிநிலையைக் காட்டுகிறதே தவிர, தியாகங்களை எடைபோட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே ஒருவரின் மார்பில் முதலில் இருப்பதே அவரது பணியின் உச்சம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பொன்னிற ரிப்பன்களுக்குப் பின்னால் வெள்ளையும் காவியும் கலந்த ஒரு ரிப்பன் இருந்தால், என்னைப் பொறுத்தவரை கண் நிலைக்க வேண்டிய இடம் அதுதான். முதல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாமல் அடுக்கு முழுவதையும் படிக்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

ஒரே விருதை மீண்டும் ஈட்டியவருக்கு இரண்டாவது பதக்கம் தரப்படுவதில்லை. பதக்கத்தின் ரிப்பன்மேல் பார் எனப்படும் உலோகப் பட்டை ஒன்று சேர்க்கப்படும். ரிப்பனை மட்டும் அணியும்போது அதைக் குறிக்க ஒரு சிறு சின்னம் அதன்மேல் பொருத்தப்படும். பரம் வீர் சக்ராவுக்கு அது வஜ்ராயுதத்தின் சிற்றுரு என்று விதி சொல்கிறது. 1965-இலும் 1971-இலும் மகா வீர் சக்ரா பெற்று, பின்னாளில் தரைப்படைத் தளபதியான அருண் ஸ்ரீதர் வைத்யாவும், 1962-இலும் 1965-இலும் அதைப் பெற்ற விமானப்படையின் ஜக் மோகன் நாத்தும் இத்தகைய பார் பெற்ற மிகச் சிலரில் அடங்குவர்.

வீரத்துக்கும் சிறப்புச் சேவைக்கும் உரியவை முடிந்த பின் காயம் பட்டவர்களுக்கான பதக்கம் வரும். வெண்ணிறத்தின் நடுவே சிவப்புக் கோடு கொண்டது அது. அதன்பின் போர்களிலும் நடவடிக்கைகளிலும் பங்கேற்றதற்கானவை. இங்கேயும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெயரில் ஸ்டார் என்று முடிவது போர் நடந்த பகுதியில் இருந்தவருக்கு உரியது, மெடல் என்று முடிவது அந்தப் போருக்காகத் திரட்டப்பட்ட பரந்த வட்டத்துக்கு உரியது. 1965 போருக்குச் சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும். 1971 போருக்குக் கிழக்கு முனையில் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் பஸ்சிமி ஸ்டார், பொதுவாகச் சங்கிராம் மெடல். 1999 கார்கில் போருக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் ஆபரேஷன் விஜய் மெடலும். சியாச்சின் பனிப்பாறை, உயர்மலைப் பகுதி, வெளிநாட்டுப் பணி ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பதக்கங்கள் உண்டு.

கீழ்வரிசைகளை யாரும் அதிகம் கவனிப்பதில்லை, ஆனால் காலத்தைக் கணக்கிட அவையே உதவுகின்றன. 1972, 1997, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு முறையே சுதந்திரத்தின் 25, 50, 75-ஆம் ஆண்டு நினைவுப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 50-ஆம் ஆண்டுப் பதக்கமும் 75-ஆம் ஆண்டுப் பதக்கமும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், அவர் குறைந்தது கால் நூற்றாண்டு சீருடையில் இருந்தவர். நீண்ட சேவைக்கு 9, 20, 30 ஆண்டுப் பதக்கங்கள் உண்டு. மேலும் உயர்ந்தது கிடைத்தபின்பும் முந்தையது நீக்கப்படுவதில்லை, மூன்றும் அடுத்தடுத்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் காமன்வெல்த் விருதுகளும், ஐக்கிய நாடுகளின் அமைதிப்பணி போன்ற பிற பதக்கங்களும் வரும். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் விக்டோரியா கிராஸ் பெற்று, சுதந்திர இந்தியாவில் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்த பிரேமிந்திர சிங் பகத்தின் பெயருக்குப் பின் பரம் விசிஷ்ட சேவா பதக்கமே முதலில் எழுதப்படும், விக்டோரியா கிராஸ் அதற்கு அடுத்துத்தான். பிரிட்டனின் வரிசையில் எல்லாவற்றுக்கும் தலையாய பதக்கம், இந்திய வரிசையில் இந்தியப் பதக்கங்களுக்குப் பின் நிற்கிறது. தன் விருதுகளுக்கு முதலிடம் கொடுப்பது எந்த நாட்டுக்கும் இயல்பு.

தம் இறுதிக்காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமான பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் மார்பிலும் அப்படியொரு பிரிட்டிஷ் ரிப்பன் இருந்தது. 1942 பிப்ரவரியில், பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியரோடு போரிட்டபோது இளம் அதிகாரியான அவர் உடலில் குண்டுகள் பாய்ந்து வீழ்ந்தார். அவர் பிழைக்கமாட்டார் என்று எண்ணிய மூத்த அதிகாரி டேவிட் கவன், தாம் அணிந்திருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி அவர் மார்பில் குத்தினார். இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் வழங்க அக்கால விதி இடம்தரவில்லை, ஆகவே உயிர் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும் என்பது அவரது எண்ணம். மானெக்‌ஷா பிழைத்தார், விருதும் பின்னர் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

ஒரு மார்பைப் படித்துப் பார்ப்போம்

இதுவரை சொன்னவற்றை இந்தியாவின் முதல் முப்படைத் தலைமைத் தளபதியான ஜெனரல் விபின் ராவத்தின் படத்தைக் கொண்டு சரிபார்க்கலாம். அவர் பெயருக்குப் பின் எழுதப்படும் விருதுகள், பரம் விசிஷ்ட சேவா, உத்தம் யுத் சேவா, அதி விசிஷ்ட சேவா, யுத் சேவா, சேனா பதக்கம், விசிஷ்ட சேவா என்ற வரிசையில் வரும். படத்தில் மேல்வரிசையைப் பாருங்கள். ஒரு நீலக் கோடு, இரண்டு சிவப்புக் கோடுகள், இரண்டு நீலக் கோடுகள், மூன்று சிவப்புக் கோடுகள் என நான்கும் பொன்னிறம். அடுத்த வரிசையின் தொடக்கத்தில் சிவப்பு நடுவே வெள்ளைக் கோடு, பின் மூன்று நீலக் கோடுகள், அடுத்துக் காயப் பதக்கத்தின் வெள்ளையும் சிவப்பும். கீழே நீண்ட சேவைப் பதக்கங்கள் முடிந்து, கடைசியாகக் காங்கோவில் ஐக்கிய நாடுகள் படையில் பணியாற்றியதற்கான ரிப்பன். முப்படைத் தலைமைத் தளபதியானபோது மூன்று படைகளையும் குறிக்கும் சின்னங்களோடு அவரது சீருடை மாறியது, ரிப்பன் அடுக்கு மாறவில்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் அவர் உயிரிழந்த பின், 2022-இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. மேலே கண்ட வரிசைப்படி அது பரம் விசிஷ்ட சேவா பதக்கத்துக்கு முன் நிற்கும்.

ஓய்வும் சட்டமும்

ஓய்வு பெற்றவர் பதக்கங்களை இழப்பதில்லை. டிசம்பர் 7 கொடிநாள் விழாவிலும், படைப்பிரிவின் ஆண்டுக் கூடலிலும், நினைவிடங்களிலும் முன்னாள் படைவீரர்கள் கோட்டு அல்லது பந்த்கலா எனப்படும் மூடிய கழுத்துக் கோட்டு மீது தங்கள் பதக்கங்களை அதே இடது மார்பில், அதே வரிசையில் அணிந்து வருவதைக் காணலாம். தகாத நடத்தைக்காக விருதைத் திரும்பப் பெறவும், பின்னர் மீண்டும் அளிக்கவும் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. தமக்கு வழங்கப்பட்ட பதக்கத்தைப் பணியில் உள்ள வீரர் விற்பதும் அடகு வைப்பதும் சிதைப்பதும் 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டப்படி குற்றம். படைவீரர் அல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு படைச் சீருடையை அல்லது அடையாளங்களை ஒத்தவற்றை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்கது. பள்ளி நாடகத்தில் சிப்பாய் வேடமிடும் பிள்ளைக்கு இந்த நோக்கம் இல்லாததால், அது இந்தப் பிரிவின்கீழ் வராது.

பெயரோடு சேர்த்து எழுதுவதிலும் படை விருதுகளுக்குத் தனி இடம் உண்டு. அரசு பட்டம் எதையும் வழங்கக் கூடாது என்று விலக்கும் அரசமைப்பின் 18-ஆவது உறுப்பு, படைத்துறைச் சிறப்புகளையும் கல்விச் சிறப்புகளையும் அந்த விலக்கிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. அதனால் படைவீரர் தாம் பெற்ற விருதின் எழுத்துகளைத் தம் பெயருக்குப் பின் முறைப்படி எழுதிக்கொள்கிறார், அங்கும் மார்பில் உள்ள அதே வரிசை பின்பற்றப்படுகிறது. பத்ம விருதுகள் இப்படி அல்ல. அவை பட்டங்கள் அல்ல என்றும், அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்த்து வழங்கக் கூடாது என்றும் பாலாஜி ராகவன் வழக்கில் 1995 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழா அழைப்பிதழ் அச்சிடும்போது, மேஜர் ஒருவரின் பெயருக்குப் பின் சௌர்ய சக்ராவைக் குறிப்பது முறை. கலைஞர் ஒருவரின் பெயருக்கு முன் பத்மஸ்ரீ என்று இடுவது, நம் ஊர்களில் எவ்வளவு பரவலாக இருந்தாலும், முறையல்ல.